‘வரட்டும்’ என்ற குரல்

போனில் பேய் இருக்கிறது என்று யாராவது கடைக்கு வந்தால், "ஆன்டி வைரஸ் போட்டா ஓடிரும்" என்று சிரித்து அனுப்புகிறவன் நான். மஸ்கெலியா டவுனில் ஷிஹாம் நானா கடை என்றால் எல்லோருக்கும் தெரியும்; முஸ்லிம் அண்ணன்களை இங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். போனும் கம்ப்யூட்டரும் திருத்துவேன். அன்று பிற்பகல் ஒரு லேப்டாப்பைப் பார்க்க, துஷாந்தின் ஆட்டோவில் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும்போதும் அந்தச் சிரிப்பு என்னிடம் இருந்தது.

துஷாந்த் முன்பு பஸ் டிரைவர். அவன் தங்கை ஷாமிலாவின் கணவன் ஜீவராஜ் அதே பஸ்ஸில் கண்டக்டர். போன மழைக்காலத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே பஸ் திருப்பும் இடத்தில், பனிமூட்டத்துக்குள் ஜீவராஜ் பின்னால் நின்று குரல் கொடுக்க, துஷாந்த் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தான். ‘வரட்டும்’ என்றால் பின்னுக்கு எடுக்கலாம், ‘ஹோல்ட்’ என்றால் நிறுத்த வேண்டும். இறங்கிப் பார்த்தபோது ஜீவராஜ் பள்ளத்தில் உயிரில்லாமல் கிடந்தான்.

"மச்சான் ‘ஹோல்ட்’ சொல்லவே இல்ல நானா. கீழ கெடக்குறாரு, ஆனா பின்னால ‘வரட்டும், வரட்டும்’னு சத்தம் வந்துகிட்டே இருந்துச்சு." இதைத்தான் துஷாந்த் எல்லோரிடமும் சொன்னான். யார் நம்புவார்கள்? ஹோல்ட் சொல்ல மறக்கிற ஆளா என் புருஷன் என்று கேட்ட ஷாமிலா, அதன் பிறகு அண்ணனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் அவன் லயத்து வாசலுக்கு வரவில்லை. கீழேயே ஆட்டோவை நிறுத்திக்கொண்டான்.

லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் ஈர விறகுப் புகையும் சுவரின் பூஞ்சண வாடையும் கலந்திருந்தன. கொழுந்து பறித்துவிட்டு வந்த ஷாமிலா, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள்.

"அவரு வெளையாடுற பஸ் கேம் நானா. கண்டக்டர் சத்தத்துக்கு அவரு கொரல போட்டு வச்சிருக்காரு. வேலை முடிஞ்சு வந்து தெனமும் கேப்பேன். எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான்." அவள் லேப்டாப்பின் மூடியைத் திறந்தாள். "இப்ப என்னமோ மாதிரி பேசுது."

நான் உற்சாகமாகிவிட்டேன். இது என் பாடம்.

"இதுக்குப் பேரு ஓவர்ரைடு ஃபைல், தங்கச்சி. கேமுக்குச் சொந்தமான சத்தத்த அவரு அழிக்கல. அதே பேருல தன் கொரல வேற ஃபோல்டர்ல வச்சிருக்காரு. கேம் மொதல்ல இத எடுக்கும். பிடிக்கலன்னா ஃபோல்டர தூக்கிட்டா பழையது அப்பிடியே திரும்பி வரும். அது நல்லது."

"கெட்டது?"

"கேம் புதுசா அப்டேட் ஆனா ரெண்டுக்கும் ஒத்துப்போகாது. ஒரு சத்தம் வர வேண்டிய எடத்துல இன்னொண்ணு வரும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கு."

"ஹோல்ட் வர வேண்டிய எடத்துல ‘வரட்டும்’னு வருது நானா."

துஷாந்த் சொன்ன அதே வார்த்தை. என் உற்சாகம் கொஞ்சம் இறங்கியது.

ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ‘நோர்வுட்’, ‘ஹட்டன்’, ‘முன்னுக்குப் போங்க’, ‘ஹோல்ட்’. ஜீவராஜின் கரகரத்த, நல்ல குரல். ஷாமிலா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

‘வரட்டும்’ என்று ஒரு ஃபைல் இல்லை.

கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினேன். எங்கேயும் இல்லை.

சரி, எங்கோ ஒளிந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஃபோல்டரைப் பென்டிரைவில் பிரதி எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பிறகு லேப்டாப்பில் இருந்ததை வெளியே தூக்கி வைத்துவிட்டு விளையாட்டைத் திறந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் ஊர்ப் பெயர்களைச் சொன்னது. ஷாமிலாவின் முகம் வாடிவிட்டது.

"பாத்தீங்களா, பழையது வந்திருச்சு. ஒண்ணும் கெடல. சோதிச்சிட்டு அவரு கொரல திருப்பிப் போட்டுத்தாறேன்."

திரையில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தேன்.

வாசலில் பனி இறங்கியிருந்தது. எதிர் லயமே தெரியவில்லை.

"வரட்டும்... வரட்டும்..."

கரகரத்த குரல். ஜீவராஜின் குரல்.

சத்தத்தைக் குறைத்தேன். முழுக்க அடைத்தேன்.

"வரட்டும்... வரட்டும்..."

லேப்டாப்பின் மூடியைச் சாத்தினேன். அந்தக் குரல் நிற்கவில்லை. அது லேப்டாப்பிலிருந்து வரவில்லை.

கீழே, பஸ் திருப்பும் இடத்திலிருந்து வந்தது.

கூடவே ஆட்டோவின் சத்தம். எனக்காகத் துஷாந்த் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். ரிவர்ஸில்.

யா அல்லாஹ் என்று நான் எழும்புவதற்குள் ஷாமிலா வாசலைத் தாண்டிவிட்டாள்.

"ஹோல்ட்! அண்ணே, ஹோல்ட்! ஹோல்ட்!"

கீழே பிரேக் கிறீச்சிட்டது. படிகளில் விழுந்தெழும்பி நான் போய்ச் சேர்ந்தபோது, ஆட்டோவின் ஒரு பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. துஷாந்த் வெளியே குதித்து மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

"நானா, நீங்கதானே கொரல் குடுத்தீங்க?"

நான் தலையை ஆட்டி இல்லை என்றேன்.

ஷாமிலா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நான் கேட்டேண்ணே. இப்பதான் கேட்டேன்," என்று கிசுகிசுத்தாள். "அவரு கொரல் மாதிரியே இருக்கு. ஆனா அது அவரு இல்ல." இருவரும் வாய்விட்டு அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஆட்டோவை இழுத்து ரோட்டில் விட்ட பிறகு, மேலே போய் ஃபோல்டரை இருந்த இடத்தில் வைத்தேன். விளையாட்டில் ஜீவராஜ் தெளிவாக "ஹோல்ட்" என்றான். ஷாமிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இனி ஒன்றுமில்லை என்று அவளிடம் சொன்னேன். மேலே ஒன்றைப் போட்டால் அடியில் இருப்பது மறையுமே தவிர அழியாது என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் பாடம் நடத்தியவனும் நான்தான்.

டவுனுக்கு இறங்கும்போது குறுகலான ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. யாராவது ஒருவர் பின்னுக்குப் போக வேண்டும். துஷாந்த் எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கி என் கையில் வைத்தான்.

"நான் மாட்டேன் நானா," என்றான், சீட்டைவிட்டு இறங்காமலே. ஆட்டோவில் நாங்கள் இருவர்தான்.

லாரிக்காரர் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தானே ரிவர்ஸ் எடுத்தார். தனியாக வந்த மனிதர், பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. லாரியின் பின்பாதி பனிக்குள் மறைந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். மறுபடி தலையசைத்தார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தும் தொண்டை கிழியக் கத்தினேன். "ஹோல்ட்!"

லாரி நின்றது. அவர் தலையை வெளியே நீட்டி, சிங்களத்தில் எரிச்சலோடு கேட்டார்:

"நீங்க ஏன் நிப்பாட்டச் சொல்றீங்க? உங்க ஆட்டோவுல வந்த தம்பி பின்னால நின்னு ‘வரட்டும்’ங்கிறானே?"