இருபது கிண்ணங்களுக்கு ஒரு காவல்

“இன்னும் காயலையா?”

காலையிலிருந்து இது பதினோராவது தடவை. கினுவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கேட்டவர் தென்சோ. கோட்டையிலிருந்து வந்த இளம் சாமுராய். பிரபு கொடுக்கும் விருந்துக்கு இருபது சூப்புக் கிண்ணங்கள் வேண்டும். அவற்றைக் கையோடு வாங்கிவர இவரை அனுப்பியிருந்தார்கள். நாளை மதியம் கோயில் மணி அடிக்கும்போது தருவதாகத்தான், கிண்ணங்களுக்கு அரக்குப் பூசும் கினுவின் அப்பா சொல்லியிருந்தார். இவரோ ஒரு நாள் முன்னாலேயே வந்து கூடத்தில் சம்மணம் போட்டுவிட்டார்.

சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து, கிண்ணங்கள் காயும் அலமாரியைத் திறந்து பார்த்தார்.

அது என்ன துணி வைக்கும் அலமாரியா? உள்பலகை முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஈரம் போகாமல் மூடி வைத்திருப்பது. மரக்கிண்ணத்தில் பூசிய கறுப்பு அரக்கு ஒருவகை மரப்பால்; அது அந்த ஈரத்தில்தான் காயும். கதவைத் திறந்தால் ஈரம் வெளியே போகும், தூசி உள்ளே வரும். துணியிலிருந்து உதிரும் தூசிக்குப் பயந்து, பூசும்போது அப்பா மேல்சட்டைகூடப் போடமாட்டார்.

போதாக்குறைக்கு, ஒரு கிண்ணத்தை இவர் தொட்டே பார்த்துவிட்டார். பளபளத்த பூச்சில் கட்டைவிரல் ரேகை! நல்லவேளை, அப்பா கூடுதலாக ஒன்று செய்திருந்தார். இப்போது சரியாக இருபதுதான் மிச்சம். இன்னும் ஒன்று கெட்டால் நாளைக்குள் மறுபடி பூசிக் காயவைக்க முடியாது. அப்புறம் கோட்டை வேலை இந்த வீட்டுப் பக்கமே வராது.

“அப்பா, நீங்க சொல்லக் கூடாதா?” கினு கிசுகிசுத்தாள்.

“இடுப்புல ரெண்டு கத்தி வச்சிருக்காரும்மா. நான் என்னத்தைச் சொல்ல?” அப்பா தலையைச் சொறிந்தார்.

அதற்குள் கூடத்தில் தடதடவென்று சத்தம். தென்சோ அலமாரித் தட்டு ஒன்றைக் கிண்ணங்களோடு அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்!

“ஐயா! எங்க போறீங்க?”

“வெயில்ல வைக்கத்தான். ஈரத்துல போட்டா எப்படிக் காயும்? வெவரமே இல்லாதவங்களா இருக்கீங்களே!”

கினு ஓடிப்போய் வாசலை மறித்தாள். “வேண்டாம்யா! அரக்கு துணி மாதிரி இல்ல. ஈரத்துலதான் காயும். தெருவுல வச்சா தூசி அப்பிக்கும். அப்பாவோட வேலையே போயிடும்!”

சாமுராயிடம் இப்படிக் கத்திவிட்டாளே என்று அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தென்சோ கோபப்படவில்லை. முகம்தான் வாடிப்போனது. “எனக்குக் குடுத்த முதல் வேலை இது. வெறுங்கையோட போனா எங்க தலைவர் என் தோலை உரிச்சிடுவாரு. சும்மா உக்காந்திருந்தா கையும் ஓடல, காலும் ஓடல.”

அட, இவ்வளவுதானா! கினுவுக்குப் பாதிக் கோபம் இறங்கியது. மீதிப் பாதி இறங்கவில்லை. தட்டை வாங்கி அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடியதும், அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது.

“ஐயா, இந்த அலமாரிக்கு ஒரு காவல் வேணும். பூனை வரும், பக்கத்து வீட்டு அத்தை வருவாங்க, என் தம்பி வருவான். நாளைக்கு மத்தியானம் மணி அடிக்கிற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது. உங்களால முடியுமா?”

தென்சோ அலமாரிக்கு முன்னால் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்கிட்ட விடு. ஈ, காக்கா நுழையாது!”

பூனையை விரட்டினார். அத்தையை வாசலோடு அனுப்பினார். தும்மிய தம்பியைக் கொல்லைப்பக்கம் துரத்தினார். சோற்று உருண்டையைக்கூட அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தின்றார்.

மறுநாள் காலையில் அப்பா மெல்ல வந்தார். “ஐயா, ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துக்கறேன்.”

“முடியாது.”

“நான்தானே ஐயா பூசினேன்!”

“பூசினவரா இருந்தா என்ன? தூசி விழும்னு தெரியாதா உங்களுக்கு?”

அப்பா பரிதாபமாகக் கினுவைப் பார்த்தார். கினு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு தொல்லை போய் இன்னொரு தொல்லை!

ஒருவழியாக மதிய மணி அடித்தது. தென்சோவே கதவைத் திறந்தார். இருபது கிண்ணங்களும் பளபளத்தன. ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை. அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கோட்டையிலிருந்து வந்த கூலியாட்கள் கிண்ணங்களைப் பெட்டியில் அடுக்கினார்கள். “சீக்கிரம் கிளம்பலாம்யா, நேரமாச்சு” என்றான் ஒருவன்.

தென்சோ அவனை முறைத்தார். “என்னய்யா அவசரம்? இதெல்லாம் அவசரத்துல ஆகிற வேலையா?”

கினு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே அவளுக்கு முன்பாகவே அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.