இரண்டாவது கல்

திலாரா பேருந்திலிருந்து இறங்கும்போது மணி மூன்றரை. அதற்குள் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு. ஏழு மாத வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பனி உறைந்த படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"எளைச்சுட்டீங்கப்பா," என்றாள்.

"அதான் நீ எனக்கும் சேர்த்து வளர்ந்திருக்கியே."

சிரித்தாள். அவள் அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்கு எதுவுமே பெரிதாகத் தோன்றுவதில்லை. மரத்துப்போன கையில் ஊசி குத்தினால் தெரியாது அல்லவா, அப்படி.

மருமகன் மராத் வடக்கே எரிவாயு வயலில் வேலை பார்க்கிறான். மார்ச்சில்தான் வருவான். ஊஃபாவில் தனியாக இருந்தவள், விண்கல்லைப் பற்றிச் செய்தி வந்ததிலிருந்து தூக்கமில்லை என்று என்னிடம் வந்துவிட்டாள். கல்லுக்குப் பயந்து எங்கள் உசோல்காவுக்கு வந்தவள் இந்த உலகத்திலேயே என் மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதல் கல் எங்கள் தலைக்கு மேல்தான் வெடித்தது. 2013 பிப்ரவரி, காலை ஒன்பது இருபது. வானத்தில் இன்னொரு சூரியன் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடியது. ஜன்னல் சட்டங்களின் நிழல் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. அப்புறம் இரண்டரை நிமிடம் சத்தமே இல்லை. அது என்னவென்று பார்க்க ஊரே ஜன்னலுக்குப் போய் நின்றது. அப்போதுதான் அதிர்ச்சி அலை வந்து சேர்ந்தது. இன்றைக்கு எங்கள் ஊரில் பேசத் தெரிந்த குழந்தைக்குக் கூட இது பாடம்: வெளிச்சத்தைக் கண்டால் ஜன்னலுக்குப் போகாதே, சுவரோரமாகத் தரையில் படு.

அதனால் போன டிசம்பரில் புதிதாக ஒரு கல்லைக் கண்டுபிடித்திருக்கிறோம், பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று விஞ்ஞானிகள் சொன்னபோது, மாஸ்கோக்காரர்கள் கிண்டல் படம் போட்டார்கள், எங்கள் ஆட்கள் ஒட்டுப்பலகை வாங்கினார்கள். அந்தக் கல்லுக்கு எழுத்தும் எண்ணுமாக என்னவோ பெயர். நாங்கள் 'இரண்டாவது' என்றோம். முதலில் தொண்ணூறில் ஒரு வாய்ப்பு என்றார்கள், பிறகு அறுபதில் ஒன்று, ஜனவரியில் முப்பத்தைந்தில் ஒன்று. வர இன்னும் பதினாலு மாதம் இருந்தது. ஆனாலும் ஜன்னலை அடைக்கிற விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பொறுமை கிடையாது.

நான் கண்ணாடி பொருத்துகிறவன். காலை ஏழரைக்கு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். "இந்தக் கல்லுக்கு ஊர் நடுவுல ஒரு சிலை வைக்கணும்டா ரவீல்," என்பான் என் முதலாளி கோஸ்த்யா. "மூணாவது ஒண்ணும் இருக்குமான்னு கேட்டுச் சொல்லு."

என் வீடு நாலாவது மாடி. கூடத்து ஜன்னலையும் படுக்கையறை ஜன்னலையும் பலகை வைத்து அடைத்திருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு, உடைந்தாலும் சிதறாமலிருக்க, கண்ணாடியில் ஒட்டுத்தாள் மட்டும் ஒட்டியிருந்தேன்.

"சாமான் போட்டு ஆணியடிச்ச பெட்டி மாதிரி இருக்குப்பா வீடு," என்றாள் திலாரா. "இதையாவது விட்டு வச்சீங்களே."

அதை விட்டுவைத்ததற்குக் காரணம் அன்பு இல்லை. ஒட்டுத்தாள் ஒட்டியதோடு சரி, அந்த ஜன்னல் பக்கம் நான் போவதில்லை, அவ்வளவுதான். அல்சு, என் மனைவி, அங்கேதான் நின்றிருந்தாள். கண்ணாடி கழுத்திலும் முகத்திலும் இறங்கியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காயம் ஆறிக்கொண்டுதான் வந்தது. பன்னிரண்டாம் நாள் இருதயம் நின்றுவிட்டது. இருதயத்தால் போனவள் என்பதால் அவளைக் கல்லின் கணக்கில் சேர்க்கவில்லை. திலாராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

மற்றவர்களைப் போலத்தான் அம்மாவும் வேடிக்கை பார்க்கப் போனாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

நடந்தது இது. நான் வண்டியில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். வெளிச்சத்தைக் கண்டதும் ஓரமாக நிறுத்தி, வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டேன். அது சமையலறைச் சுவரில் இருக்கும், நீளமான கம்பி. "அல்சு, ஜன்னலுக்கு வா. சீக்கிரம். வானத்தைப் பாரு," என்றேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டிருக்காவிட்டால் பிசைந்துகொண்டேதான் இருந்திருப்பாள்.

அந்தத் தொலைபேசி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

திலாரா வந்து நாலாவது நாள். சாயங்காலம் சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏம்ப்பா, தினமும் காலைல ஒம்பது இருபதுக்கு வீட்டு போனுக்குக் கூப்பிடறீங்க, ரெண்டு வார்த்தை சொல்றீங்க, வச்சுடறீங்க. அப்படி என்ன அவசரம்?"

"நானா?"

"பின்ன யாரு? ஜன்னலுக்கு வா, பாருங்கறீங்க. நானும் போய்ப் போய் நிக்கறேன். அங்க புகைபோக்கியைத் தவிர என்ன இருக்கு?"

கரண்டியைக் கீழே வைத்தேன். அன்று காலை ஒன்பது இருபதுக்கு நான் மூன்றாவது மாடி உயரத்தில், இரண்டு கையாலும் ஒரு முழுக் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

"இனிமே எடுக்காத," என்றேன்.

"ஏன்?"

"எடுக்காதன்னா எடுக்காத."

"அப்படின்னா கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. என் மகளுக்கும் அவள் வயிற்றில் இருந்ததற்கும் ஆபத்து என்று தெரிந்தும், நான் சூப்பை முழுவதும் குடித்தேன் என்பதுதான் இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று கோஸ்த்யாவிடம் சொன்னேன். ஒன்பது மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்தேன். பலகை அடைத்த அறை, மேஜை விளக்கு மட்டும் எரிந்தது. திலாரா படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபது ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் பச்சை மாவின் வாசனை வந்தது.

வீட்டில் யாரும் மாவு பிசையவில்லை.

அப்புறம் எதிர்ச் சுவரில் ஒரு நிழல் தோன்றியது. ஜன்னல் சட்டத்தின் நிழல், நடுவில் சிலுவையாகக் கட்டையோடு. பலகை அடைத்த ஜன்னலுக்கு நிழல் ஏது? அது சுவரில் மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, என் மேல் ஏறி இறங்கி, அந்தக் கோடிக்கு ஓடி மறைந்தது. விளக்கு ஆடக்கூட இல்லை.

சமையலறையில் தொலைபேசி அடித்தது.

போய் எடுத்தேன்.

வண்டி இரைச்சல் கேட்டது. அதற்கு மேல் ஒரு குரல். என் குரல், கொஞ்சம் இளசாக, சந்தோஷமாக. நான் அப்படிப் பேசுவேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"அல்சு, ஜன்னலுக்கு வா. சீக்கிரம். வானத்தைப் பாரு."

செருப்பு தேயும் சத்தம். அது கம்பிக்குள் கேட்கவில்லை. எனக்குப் பின்னால், சமையலறைத் தரையில் கேட்டது. என்னைத் தாண்டி ஜன்னல் வரை போய் நின்றது.

"அடேயப்பா," என்றாள் அல்சு. "எவ்வளவு அழகா இருக்கு."

 சொன்னேன். பன்னிரண்டு வருடமாகச் சொல்ல நினைத்தது அது.

"அல்சு, தள்ளிப் போ. கீழ படு."

ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதி ரொம்ப நேரம் இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு காதுக்கு மிகப் பக்கத்தில், கோபமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"நீதானே வரச் சொன்ன."

தொலைபேசி ஓய்ந்தது. திரும்பினேன். கதவருகே திலாரா நின்றிருந்தாள், மடித்த துணி கையில்.

"அம்மா குரல்," என்றாள்.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் "சரி," என்றாள். எழுந்து போய், கழுவி வைத்திருந்த கோப்பையையே மறுபடி கழுவினாள். அதற்குப் பிறகு என்னிடம் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் பேசவில்லை. தினமும் காலையில் வேலைக்கு நடுவே ஓடிவந்து ஒன்பது இருபதுக்கு நான் எடுப்பேன். அவள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுத்திருப்பாள்.

பிப்ரவரி கடைசியில் கல் தப்பிவிட்டது. நன்றாக அளந்து பார்த்துவிட்டோம், மோதவே மோதாது என்று அறிவித்தார்கள். மூன்றே நாளில் ஊரில் பலகை எல்லாம் இறங்கின. ஒட்டுத்தாள் மங்கலாகத் தெரிகிறது, உரித்துக் கொடு என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். "ஏமாத்திட்டான்டா," என்று கோஸ்த்யா வானத்தைப் பார்த்துத் திட்டினான். பூமி பிழைத்ததில் வருத்தப்பட்ட ஒரே ஆள் அவன்தான்.

திலாரா பெட்டியைக் கட்டினாள். பயணத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் உட்கார வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்டி மேல் அவளும் செருப்பு மாட்டுகிற ஸ்டூலில் நானும் உட்கார்ந்தோம்.

"காலைல நான் உனக்கு எப்பவும் போன் பண்ண மாட்டேன்," என்றேன். "என் பேர் வந்தாலும் அது நான் இல்ல. தெரிஞ்சுதா?"

"தெரியுது."

"என்னை மன்னிக்க வேண்டாம். இதை மட்டும் கேட்டுக்க."

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். 

மார்ச் இறுதியில் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்று வரச் சொல்லி மராத்தான் அழைத்தான். அன்று காலை ஒன்பது இருபதுக்குத் தொலைபேசியை எடுத்து, வழக்கம்போலக் கேட்டுவிட்டு, ஊஃபாவுக்குப் பேருந்து ஏறினேன். இமாம் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொன்னார். தேன் பலகாரம் சாப்பிட்டோம். திலாரா குழந்தையை என் கையில் கொடுத்தாள். அந்தச் சூடு என் முழங்கை வரை தெரிந்தது. இரவு அங்கேயே தங்கிவிட்டேன். கல்தான் போய்விட்டதே, ஒரு நாள் எடுக்காவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

மறுநாள் காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மராத் ரொட்டி வாங்கப் போயிருந்தான். மேஜையில் இருந்த திலாராவின் கைப்பேசி அடித்தது. திரையில் 'அப்பா' என்று இருந்தது. என் இரண்டு கையும் கோப்பையைப் பிடித்திருந்தன. என் கைப்பேசி உள்ளே, கோட்டுப் பையில் இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தாள். குழந்தையை மறு தோளில் போட்டுக்கொண்டு எழுந்து ஜன்னலுக்கு நடந்தாள்.

"திலாரா."

நடந்துகொண்டே இருந்தாள். திரைச்சீலையை ஒதுக்கினாள். முகம் மலர்ந்திருந்தது, சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி. குழந்தையைத் தூக்கி வெளியே பார்க்கக் காட்டினாள்.

இடுப்போடு பிடித்து இழுத்தேன். மூவரும் தரையில் விழுந்தோம், குழந்தை என் மார்பில். கைப்பேசியைப் பிடுங்கி, "இங்க இருக்கேன்," என்று கிசுகிசுத்தேன். "நான் இங்கதான் இருக்கேன் அல்சு. அவங்களை விட்டுடு."

சுவரோரம் படுத்தபடி காத்திருந்தோம். இரண்டரை நிமிடம்.

'டிக்' என்று ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தேன். கண்ணாடி குளிரில் வெடித்தால் விரிசல் ஓரத்திலிருந்து கிளம்பும். முப்பது வருடத் தொழில், எனக்குத் தெரியும். இது நடுவிலிருந்து கிளம்பியிருந்தது, ஒரு நெற்றி உயரத்தில்.

"நான் எப்ப எழுந்தேன்?" என்று திலாரா கேட்டாள். 

மத்தியானப் பேருந்திலேயே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஊரைத் தாண்டியதில்லை. காலை வேலையைக் கோஸ்த்யா பத்தரைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான், ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பது பத்துக்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றுவிடுவேன். நான் எடுத்தால் திலாராவிடம் அடிப்பதில்லை. சாயங்காலம் திலாரா கூப்பிட்டு, "இன்னிக்கு வரலப்பா," என்பாள். "சாப்பிட்டீங்களா?" என்று இப்போதெல்லாம் அவளே கேட்கிறாள். பேத்தியைப் பார்க்கத்தான் முடியவில்லை. தவழ ஆரம்பித்துவிட்டாளாம்.

வண்டி இரைச்சலும் என் பழைய குரலும் இப்போது வருவதில்லை. அல்சு மட்டும்தான் பேசுகிறாள். "ஜன்னலுக்கு வா," என்பாள். போய் நிற்பேன். "பாரு," என்பாள். பார்ப்பேன். பயமாகக்கூட இல்லை. நிற்கிறேன், அவ்வளவுதான். இரண்டரை நிமிடம் கழித்து ஓய்ந்துவிடும்.

இன்று காலை ஓயவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மாவு வாசனை தொண்டையை அடைத்தது.

"பேத்திக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டேன்.

"சொல்லேன். பேர் தெரிஞ்சாத்தானே கூப்பிட முடியும்."

சொல்லவில்லை. நாளைக்கும் கேட்பாள்.