எட்டாவது பாட்டு

அவன் வட்டில் எழுதியது ஏழு பாட்டு. அப்பாவின் பழைய சிடி பிளேயரைத் தன் மேசைக்குத் தூக்கி வந்து வட்டைப் போட்டான். அதன் சின்னத் திரை எட்டு என்று காட்டியது.

“இந்தச் சனியனுக்கு எண்ணக்கூடத் தெரியல.”

மத்தியானத்திலிருந்து இதே ரோதனை. முதல் வட்டில் பாட்டுகளை எம்பி3 கோப்புகளாக அப்படியே போட்டுவிட்டான். பிளேயர் சீந்தவே இல்லை. அடுத்ததை ஆடியோ சிடியாக எழுதி, கடைசியில், இனி எதுவும் சேர்க்க முடியாதபடி அதை மூட மறந்தான். மூடாத வட்டை வீட்டு பிளேயர் படிக்காது. அதுவும் குப்பைக்கு. சமையலறையில் அம்மா பாடியதையெல்லாம் போனில் பிடித்து வைத்திருந்தான். போனில் கேட்க மாட்டாராம் அப்பா. தன் பெட்டியில் பாடினால்தான் ஒரு வாய் சாப்பிடுவாராம். அம்மா போனதிலிருந்து பாதியாக இளைத்துவிட்டார். இப்படியே போனால் தாங்க மாட்டார்.

“டேய், ஆச்சா?” உள் அறையிலிருந்து அப்பா.

“ஆயிடும்ப்பா. கொஞ்சம் பொறுங்க.”

எட்டாவதை ஓட்டினான். பாட்டில்லை. மடிக்கணினி விசிறியின் இரைச்சல், நாற்காலியின் முனகல், பிறகு அவன் குரலே: “இந்தச் சனியனுக்கு எண்ணக்கூடத் தெரியல.”

அதை அவன் சொன்னது வட்டை எழுதி முடித்த பிறகு. ஆனாலும் பயத்தை எரிச்சல் முந்திக்கொண்டது. மென்பொருளைக் கண்டபடி திட்டி, வட்டை ஒடித்துப் போட்டான். உறையில் மிச்சம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாட்டாகச் சரிபார்த்து, நிதானமாக எழுதி, மறக்காமல் மூடினான். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மேசையில் சூடான பிளாஸ்டிக் வாசனை. அதற்கடியில், லேசாக, அம்மா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை.

திரையில் எட்டு.

எட்டாவதை அழுத்தினான். இரைச்சல். கட்டில் கிறீச்சிட்டது. அம்மாவின் குரல். பாடவில்லை, பேசியது.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க.”

அப்பாவின் மூச்சு கேட்டது. நீளமாக. அப்புறம் சின்னதாக. அப்புறம் வெறும் இரைச்சல்.

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

“அப்பா!”

ஓடினான். அப்பா சுவரோரமாக நகர்ந்து, பாதிக் கட்டிலைக் காலியாக விட்டிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு.

“சத்தம் போடாதடா. பாட்டெல்லாம் வேணாம். அம்மாவே வந்துட்டா.”

அவருக்குப் பக்கத்திலிருந்த தலையணை, மெல்ல, நடுவில் குழிந்தது.