நான்காவது ஜன்னல்

திறக்கச் சொன்னது மூன்று. திறந்தது நான்கு.

அவன் எரிச்சலுடன் சூள் கொட்டினான். அலுவலகத்தின் மூன்று சர்வர்களையும் வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்ள அவனே எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், ஒரு கட்டளைக் கோப்பு, அது. ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும். கணினித் திரையில் மூன்று கறுப்பு டெர்மினல் ஜன்னல்கள் புதிதாகத் திறந்து, சர்வருக்கு ஒன்றாகக் கட்டளைகள் தாமாகவே ஓடும். அதே வேலையைக் கையால் தட்டித் தட்டி அரை நாள் இழுக்கும் சக ஊழியனை அவன் 'நத்தை' என்றுதான் கூப்பிடுவான், முகத்துக்கு நேராகவே. அந்த நத்தை காலையில் போன் பண்ணியிருந்தான்.

"சார், உங்க ஸ்கிரிப்டை ஓட்டிப் பாத்தேன். ஒரு ஜன்னல் கூடுதலா வருது. அதுல என்னமோ தானா எழுதுது சார். பயந்துபோய் நிறுத்திட்டேன்."

"மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமாய்யா உனக்கு? உன்னையெல்லாம் எவன் வேலைக்கு எடுத்தான்?"

இப்போது அதே கூடுதல் ஜன்னல் அவன் திரையிலும். நத்தைதான் எதையோ கிளறி வைத்திருப்பான். ஸ்கிரிப்டைத் திறந்து வரிவரியாகப் படித்தான். புது ஜன்னலைத் திறக்கும் கட்டளை மூன்று இடத்தில்தான் இருந்தது. நான்காவதை மூடிவிட்டு மறுபடி ஓட்டினான். மறுபடியும் நான்கு.

வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. அந்தி மங்கி மாடியறையின் மூலைகள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைய, ஈரச் சுண்ணாம்பின் வாடையும் சூடேறிய ஒயரின் வாடையும் கலந்து மூக்கை அடைக்க, மின்விசிறியின் கிறீச்சொலிக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை அவன் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தான். டக். டக். யாரோ விசைகளைத் தட்டும் சத்தம். அவன் கைகள் மடியில் இருந்தன.

நான்காவது ஜன்னலில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

*கீழே வாங்க. டீ ஆறுது.*

கீழேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "கீழே வாங்க. டீ ஆறுது."

"கொண்டுவந்து வச்சா என்ன? கால் ஒடிஞ்சா போச்சு?" என்று கத்தினான். வழக்கமாக இதற்கு ஒரு முணுமுணுப்பாவது வரும். இல்லையென்றால் பாத்திரம் ஒன்று நங்கென்று விழும். எதுவும் வரவில்லை.

எவனோ மைக் வழியாக ஒட்டுக்கேட்கிறான். இந்தப் பொடிப்பயல்களின் வித்தையெல்லாம் அவனிடமா? இணையக் கேபிளைப் பிடுங்கி எறிந்தான். டக். டக்.

*மழை விடுற மாதிரி தெரியல.*

"மழை விடுற மாதிரி தெரியல," என்றது கீழே குரல். அதே குரல். ஆனால் இடையில் மூச்சே இழுக்காத குரல்.

போன் அடித்தது. மனைவி.

"என்ன பண்றீங்க? வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், வந்து கதவைத் திறங்க. அக்கா வீட்டுக்குப் போறேன்னு மத்தியானமே சொன்னேனே. நான் சொல்றது என்னைக்கு உங்க காதுல விழுந்திருக்கு?"

அவள் வெளியே. அப்படியென்றால் கீழே?

பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் திரையில் எழுத்துகள் முந்திக்கொண்டன.

*இதோ வந்துட்டேம்மா.*

"இதோ வந்துட்டேம்மா!" இப்போது கீழே ஒலித்தது ஆண் குரல். அவனுடைய குரல்.

தாழ்ப்பாள் விலகியது. போனிலும் கேட்டது, மாடிப்படி வழியாகவும் கேட்டது.

"ஐயோ, தொப்பலா நனைஞ்சுட்டியே. குடையை இப்படிக் குடு."

அவள் சிரித்தாள். எத்தனையோ வருடமாக அவன் கேட்டிராத சிரிப்பு. "இன்னைக்கு என்ன ஆச்சு உங்களுக்கு? அக்கறை பொத்துக்கிட்டு ஊத்துது!" இணைப்பு துண்டிக்கப்பட்டது.

உள்ளே வராதே என்று கத்தினான். தொண்டையில் சத்தமில்லை. திரையில் வந்தது.

*உள்ளே வராதே.*

ஜன்னலை மூடப் பார்த்தான். மூடவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். திரை எரிந்துகொண்டே இருந்தது. எழ முயன்றான். கால்கள் கேட்கவில்லை.

படியில் காலடிகள். இரண்டு பேர்.

கதவு திறந்தது. மனைவி. அவளுக்குப் பின்னால் அவன் சட்டை, அவன் முகம். இவ்வளவு கனிவாக அந்த முகத்தை அவனே பார்த்ததில்லை.

அவள் நேராக அவனிடம் வந்தாள். நனைந்த கைப்பையை நாற்காலியில் வைத்தாள். அவன் மடியில். கனம் தெரியவில்லை. ஈரம் தெரியவில்லை.

"இதென்னங்க, தானா எழுதுது?"

*நான் இங்கதான் இருக்கேன். நான் இங்கதான் இருக்கேன்.*

அறை வாசலில் நின்றவன் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தான். நேராக, கண்ணுக்குள். பிறகு உதட்டைச் சுழித்தான்.

"அதை விடு. எவனோ ஒரு அரைவேக்காடு எழுதின ஸ்கிரிப்ட்."

விளக்கை அணைத்தான். பேசிக்கொண்டே இருவரும் படியிறங்கினார்கள். இருட்டில் எழுத்துகள் மட்டும் வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றாக.