மணி செய்தவரின் பேரன்

பதிப்பாசிரியர் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கையெழுத்து நிபுணர் அசையவில்லை. அவருடைய மச்சான்தான் பாய்ந்து எடுத்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, அக்கா வீட்டுக்காரரின் வழக்குகளில் மூக்கை நுழைப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

காலமான தத்துவ அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அச்சுக்குப் போகவிருந்தது. முதல் பத்தியிலேயே முட்டுக்கட்டை. பிறந்தது ஒரு நாட்டில், குடியுரிமை இன்னொரு நாட்டில். அதற்கெல்லாம் ஆவணம் இருந்தது. பூர்வீகமும் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் வேறு. மதத்தைக் கேட்டவர்களிடம் மட்டும் அவர் சிரித்தே மழுப்பியிருந்தார். இப்போது அவர் கையெழுத்தில், அனுப்பியவர் பெயரில்லாமல், இந்தக் கடிதம் வந்திருக்கிறது.

மச்சான் உரக்கப் படித்தான். "கடிகாரம் செய்து பிழைத்த என் தாத்தாவின் மதத்துக்கே திரும்பிவிட்டேன்."

"அவரோட தங்கச்சி வேலைதான்," என்றார் பதிப்பாசிரியர். "அந்த மதத்தைப் போடுங்கன்னு தினமும் போன் பண்றாங்க. போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்தேன்."

மறுநாள் காலை நிபுணரும் மச்சானும் அறிஞரின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். கடிதத்தைக் காட்டியதும் அந்த அம்மாள் வெடித்தார்.

"நான் எழுதினா என் பேரைப் போட்டே எழுதுவேன்!"

"சரிம்மா. உங்க தாத்தா என்ன வேலை பாத்தார்?" என்று கேட்டார் நிபுணர்.

"வெண்கல மணி வார்ப்பார். தட்டித் தட்டிப் பாத்தே ஒரு காது போச்சு. அண்ணனும் நானும் அந்தப் பட்டறையிலதான் வளர்ந்தோம்."

அன்று மாலை பதிப்பகத்தில் எல்லோரும் கூடினார்கள். நூலை எழுதியவர் அறிஞரின் பழைய மாணவர்; அவர் கடைசியாக வந்து உட்கார்ந்தார்.

"பழைய பதிவேட்டில தாத்தா பேருக்கு நேரா 'தொழில்: மணி செய்தல்'னு இருக்கு," என்றார் நிபுணர். "அதைக் கடிகாரம்னு நினைச்சு எழுதியிருக்கு இந்த நூலோட கைப்பிரதி. அதே தப்பு கடிதத்திலயும் இருக்கு. பட்டறையில வளர்ந்த அண்ணனோ தங்கச்சியோ அப்படி எழுத மாட்டாங்க."

"பதிப்பாசிரியரும் கைப்பிரதியைப் படிச்சாங்களே, அத்தான்?" என்று மச்சான் மடக்கினான்.

"அது அவங்க கைக்கு வந்தது திங்கட்கிழமை. கடித உறையில தபால் முத்திரை அதுக்கு நாலு நாள் முன்னாடி. அப்போ அதைப் படிச்சிருந்தது எழுதினவர் மட்டும்தான்."

மாணவர் மறுக்கவில்லை. "அவர் கையெழுத்து எனக்கு அத்துப்படி. என் தாத்தாவும் அதே மதம். இருபது வருஷம் கூடவே இருந்தேன். ஒரு தடவைகூட 'நீ நம்மாளு'ன்னு சொல்லல. கடிதத்திலயாவது சொல்லட்டும்னு நான்தான் எழுதினேன்."

தங்கை திட்டப்போகிறார் என்று மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"எங்கிட்டயும் சொல்லலப்பா," என்றார் அவர்.

பதிப்பாசிரியர் அந்த முதல் பத்தியைத் தாமே எழுதினார். இரண்டு நாடுகள், இரு வழிப் பூர்வீகம். பிறகு ஒரு வரி: 'தம் மதம் என்று அவர் எதையும் சொன்னதில்லை.'

தங்கை அதை இரண்டு முறை படித்தார்.

"கடைசி வரி எனக்குப் பிடிக்கல. ஆனா அண்ணன் அப்படித்தான். போட்டுக்கோங்க."