இடது காலில் பிரியாணி

மதியம் ஒரு மணிக்குத் தர்ஷிகா மாடிப்படி ஏறுவாள். இடது காலை ஊன்றினால் சீரகச்சம்பா பிரியாணி. வலது காலை ஊன்றினால் தயிர் வெங்காயம். மூன்றாவது மாடியை எட்டும்போது ஒரு தட்டு முடிந்திருக்கும்.

கீழே வீட்டுக் கதவைத் திறந்துவைத்து அவள் கணவன் மித்ரன் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

"என்னங்க, இன்னைக்கி கறி நல்லா வெந்திருக்கு" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"இங்க அப்பளம் நமுத்துப்போச்சு" என்பான் அவன்.

பிறகு அவள் இறங்குவாள். இறங்கும்போது முழங்கால் மூட்டில் பாரம் கூடுதலாக விழும். அது பிரியாணி அண்டாவின் அடிச்சோறு மாதிரி, மசாலா முழுதும் அங்கேதான் இருக்கும் என்று அவள் சொல்வாள். திண்டுக்கல்லின் அந்த அடுக்ககத்தில் அந்த நேரத்தில் படியேறுகிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். லிஃப்ட் காலியாகப் போய்வந்தது.

போன வருடம் அவள் வயிற்றை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கித் தைத்தார்கள். நூற்று முப்பது கிலோ உடம்பு எண்பதை நோக்கி இறங்கியது. சர்க்கரை போனது. குறட்டை போனது. மூட்டுவலி போகவில்லை. பாரம் குறைந்தால் தேய்மானம் குறையும். தேய்ந்தது திரும்ப வளராது. எடை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் மூட்டில் கை வைக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை பொறுக்க மாத்திரையும் கிடையாது. அவள் வருடக்கணக்காக விழுங்கிவந்த வலி மாத்திரைகள், வயிற்றையும் குடலையும் சேர்த்துத் தைத்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். அனுமதித்த ஒரே மாத்திரைக்கு அவள் மூட்டு மசியவில்லை.

நாலு கரண்டி கஞ்சியைத் தவிரச் சாப்பாடும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒருநாள் பிரியாணியை வாயில் போட்டு மென்று துப்பிப் பார்த்தாள். துப்பும்போது அழுகை வந்தது. அத்தோடு விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் வலிபெயர்ப்பி வந்தது. மூட்டுக்கு மேலே ஒட்டும் ஒரு பட்டை, காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி. மூட்டிலிருந்து கிளம்பும் வலிச் செய்தியைப் பட்டை வழியிலேயே வாங்கிக்கொள்ளும். புள்ளி அதை மூளைக்கு வேறொரு உணர்வாகக் கொடுக்கும். வலி அழிவதில்லை, மாறிப் போய்ச் சேர்கிறது.

வலிபெயர்ப்பு மையத்தில் ரீகன் என்ற இளைஞன் அவளுக்குத் தேர்வுகளைச் சொன்னான்.

"பெரும்பாலும் வெதுவெதுப்பு எடுப்பாங்கக்கா. போர்வைக்குள்ள கால வச்ச மாதிரி இருக்கும்."

"திண்டுக்கல்லுல போர்வை எதுக்கு தம்பி?"

"மழைச்சத்தம் இருக்கு."

"மழைன்னா மாடியில துணி காயுதேன்னு ஓடணும்னு தோணும். திங்கிற மாதிரி ஒண்ணும் இல்லயா?"

ரீகன் மித்ரனைப் பார்த்தான். மித்ரன் சுவரைப் பார்த்தான்.

"இருக்குக்கா. வயிறு சுருக்குனவங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. ஆனா ரெண்டு காலுக்கும் பொருந்துறதா எடுங்க. ஒருத்தர் ஒரு கால்ல மீன்குழம்பும் இன்னொண்ணுல பால்கோவாவும் வச்சிட்டுப் போனாரு. மறுநாளே நொண்டிக்கிட்டு வந்தாரு."

"மூட்டு மோசமாயிருச்சா?"

"இல்ல. மீன் காலத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பால்கோவா கால்லயே வந்தாரு."

சுவைப்பதிவுக்காக ஒரு சிட்டிகை பிரியாணியை அவள் நாக்கில் வைத்தார்கள். கருவி பதிந்துகொண்டது. அவள் துப்பினாள். பிறகு தயிர் வெங்காயம். வேலை முடிந்தது. எழுந்து வாசல்வரை நடந்தாள். வாசலில் நின்றாள். திரும்பி ரீகனிடம் நடந்துவந்தாள். மறுபடி வாசலுக்குப் போனாள்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள்.

கருவியைச் செய்தவர்கள் ஒரு பாதுகாப்பை வைத்திருந்தார்கள். வலி கூடினால் பெயர்ப்பும் கூட வேண்டும்; இல்லையென்றால் மூட்டு கெடுவது ஆளுக்குத் தெரியாமல் போய்விடும். வெதுவெதுப்பு சூடாக மாறினால் மனிதன் உட்கார்ந்துவிடுவான். மழை இடியாக மாறினாலும் உட்கார்ந்துவிடுவான். பிரியாணி நல்ல பிரியாணியாக மாறினால் என்ன செய்வான் என்று யாரும் யோசிக்கவில்லை.

பழனி மலைக்கு விஞ்ச் ரயிலில் போய்க்கொண்டிருந்த மூட்டுவலிக்காரர்கள் படிக்கு மாறினார்கள். ஊன்றுகோலோடு ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மித்ரனும் ஒருமுறை அவளை அங்கே அழைத்துப் போனான். பாதிப் படியில் அவள் கண்ணை மூடி நின்றாள். பக்கத்தில் ஒரு பெண்மணி, "முருகா" என்று உருகினாள். தர்ஷிகா மெதுவாக விழுங்கினாள்.

அறுவை முடிந்து ஒரு வருடம் ஆகப்போகும் நேரத்தில் எடை நிலைக்கு வந்தது. மூட்டு மருத்துவர் நஸ்ரின் படம் எடுத்துப் பார்த்தார். திரையைப் பெரிதாக்கினார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இடது மூட்டுல எலும்பும் எலும்பும் உரசுது. இதோட எப்படி மூணு மாடி ஏறி வந்தீங்க?"

"மெதுவாத்தான் வந்தேன்."

"லிஃப்ட் ஓடுதே."

"மணி ஒண்ணு டாக்டர்" என்றான் மித்ரன்.

நஸ்ரினுக்குப் புரிந்தது. அவர் இதுபோல் நிறையப் பேரைப் பார்த்துவிட்டார். அவளுடைய அணுக்களிலிருந்தே புதுக் குருத்தெலும்பு வளர்த்து மூட்டில் பொருத்தலாம் என்றார். அது பிடிக்க, பழைய குருத்து ஓரத்திலாவது மிச்சம் இருக்க வேண்டும். இப்போது இருக்கிறது.

"இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஏறுனா அதுவும் இருக்காது. எலும்பு அரைஞ்சுபோனா உலோக மூட்டும் நிக்காது. அப்புறம் மடங்காமப் பூட்டிவிடறதுதான். கால் கம்பு மாதிரி இருக்கும்."

"புதுக் குருத்து வச்சா வலி?"

"முழுசாப் போயிரும்."

இந்த இடத்தில் நோயாளிகள் கையெடுத்துக் கும்பிடுவது ஒருகாலத்தில் வழக்கம். தர்ஷிகா தன் முழங்காலின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது தானோட்டி வண்டி பாதி வழி வந்திருந்தது.

"வேணாங்க" என்றாள்.

"கால் போயிரும் தர்ஷி."

"வயித்த வெட்டணும்னாங்க. சரின்னேன். மாத்திரைய விடணும்னாங்க. விட்டேன். உங்க தட்டப் பாக்காம சுவரப் பாத்து உக்காந்திருந்தேன். இப்ப இதையும் குடுன்னா, என்கிட்ட வேற என்ன இருக்கு?"

ஆறுதல் சொல்ல அவனுக்கு வராது. கணக்குதான் வரும்.

"பூட்டின மூட்டு வலிக்காது. வலிக்காட்டி ருசியும் வராது. ரெண்டு மாசத்துக்கப்புறம் உனக்குக் காலும் இல்ல, பிரியாணியும் இல்ல."

அவள் அதை நினைத்திருக்கவில்லை. வெளியே பார்த்தாள்.

"வருஷம் திரும்புனா ரெண்டு ஸ்பூன் நிஜமாவே சாப்பிடலாம்னு வயித்து டாக்டர் சொல்லியிருக்காரு" என்றான்.

"ரெண்டு ஸ்பூன்."

"நிஜ பிரியாணி."

வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவள் இறங்கவில்லை. "கடையில வாங்கணும். நீங்க ஆக்குறது வேணாம்" என்றாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

இரண்டு மூட்டிலும் புதுக் குருத்து வைத்தார்கள். அறுவைக்கு முன்பே ரீகன் வந்து பட்டையைப் பிரித்து, புள்ளியை எடுத்துப் போனான். குருத்து பிடித்தது. வலி நாளுக்கு நாள் வடிந்து, ஒருநாள் இல்லாமல் போனது. தர்ஷிகா நடந்தாள். படியேறினாள். அடுத்தவருடைய காலை வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள். மூன்றாவது மாடிவரை போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தாள். பிறகு லிஃப்டில் போனாள்.

ஒரு மணிக்கு மித்ரன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருப்பாள். மேலேயிருந்து குரல் வருவது நின்றதில் அவனுக்கு வீடு பெரிதாகத் தெரிந்தது.

வயிற்று மருத்துவர் அனுமதித்த நாளில் மித்ரன் கடைக்குப் போய் நின்று வாங்கிவந்தான். இலையை அறுத்துப் போட்டான். அவளுக்கு இரண்டு ஸ்பூன், ஓரத்தில் கொஞ்சம் தயிர் வெங்காயம். தனக்கு மீதி. அவள் தலை சீவி, நல்ல சேலை கட்டி வந்து உட்கார்ந்தாள்.

முதல் ஸ்பூனை வாயில் வைத்தாள். மருத்துவர் சொல்லிக் கொடுத்திருந்தபடி நிதானமாக மென்றாள். அவள் இடது கை மேசைக்கடியில் போனது.

"என்ன?"

"இடது மூட்டு வலிக்குது."

"காலை மடக்கி உக்காந்திருப்ப. நீட்டு."

நீட்டினாள். மென்றதை விழுங்கினாள். வலி மெல்ல அடங்கியது. தயிர் வெங்காயத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். இப்போது வலது மூட்டைப் பிடித்தாள்.

இருவரும் இலையைப் பார்த்தார்கள். சோதிப்பதற்காக அவன் ஒரு துண்டு அப்பளம் கொடுத்தான். வலிக்கவில்லை. மறுபடி ஒரு பருக்கை பிரியாணி. இடது மூட்டு.

நஸ்ரின் படம் எடுத்தார். மூட்டு இருபது வயதுக்காரியின் மூட்டு மாதிரி இருந்தது. மையத்திலிருந்து ரீகன் வீட்டுக்கு வந்து, அவள் தலையில் வலை மாட்டி, மூளை அலைகளைப் பார்த்தான்.

"மூட்டுல ஒண்ணுமில்லக்கா. கருவி இத்தனை மாசம் சொல்லிக் கொடுத்துச்சுல்ல, வலின்னா பிரியாணின்னு. மூளை அதத் திருப்பியும் படிச்சு வச்சிருக்கு. பிரியாணின்னா வலின்னு."

"மாத்திரை?" என்றான் மித்ரன்.

"இப்பவும் கூடாதுண்ணே. தையல் அங்கதான இருக்கு."

"அப்ப கருவியவே திரும்ப மாட்டி, இந்த வலிய ருசியா மாத்திரு" என்றாள் தர்ஷிகா.

"மூட்டுல கிளம்புற வலியத்தான் பட்டை பிடிக்கும். இது மண்டைக்குள்ளேயே கிளம்புது. அப்படியே பிடிச்சு மாத்துனாலும் அந்த ருசிக்கு மறுபடி வலி வரும், வலிக்கு மறுபடி ருசி. நிக்காதுக்கா." சொல்லிவிட்டு ரீகன் வலையைக் கழற்றாமல் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இத நான் மேல சொல்லணும்."

சொன்னான். கருவி நிறுவனத்தில் இரவோடிரவாகப் புரிந்துகொண்டார்கள். தின்றால் வலிக்கும் என்று மூளைக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்துவிட்டால் யாருடைய வயிற்றையும் வெட்ட வேண்டியதில்லை. நல்ல மூட்டு உள்ளவர்களுக்கு ஒரு பருவம் செயற்கை வலி கொடுத்து, அதோடு அவரவர் பிடித்த பண்டத்தைக் கோத்துவிடலாம். பிறகு பண்டத்தைப் பார்த்தாலே கை பின்வாங்கும். கத்தி இல்லை, தையல் இல்லை. மையத்தின் வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள். முன்பதிவு அன்றைக்கே நிரம்பியது. இந்தப் பக்குவம் தானாக வந்த முதல் ஆள் என்று தர்ஷிகாவை வைத்து ஒரு சின்ன விளம்பரப் படம் எடுக்கச் சம்மதம் கேட்டார்கள்.

ரீகனே கேமராவோடு வந்தான். மேசையில் இலை. இலையில் இரண்டு ஸ்பூன் பிரியாணி. மித்ரன் கொஞ்சம் தள்ளி, மீதிப் பிரியாணிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சாப்பிடுங்கக்கா. என்ன செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் சாப்பிட்டாள். இடது கை முழங்காலைப் பற்றியது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது."

"எப்படி வலிக்குது?"

"மூணாவது மாடியிலருந்து இறங்குற மாதிரி." கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது ஸ்பூனும் போனது. "இப்ப ரெண்டாவது மாடி."

"அப்ப இனிமே தொடத் தோணாதுல்ல?" ரீகன் பதிலுக்காகக் கேமராவை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். 'தோணாது' என்பதுதான் படத்தின் கடைசி வரி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில் அவளுக்கு அந்த வலிதான் சாப்பாடாக இருந்தது. அது வந்துவிட்டால் சோறு வருகிறது என்றுதான் அவள் உடம்புக்குத் தெரியும். இன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்திருந்தது. இடது கை முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கை காலி இலையைத் தடவியது.

"என்னங்க" என்றாள். "இன்னும் ஒரு மாடி இருக்கு. வைங்க."