காற்றுக்கு ஒரு பூட்டு

பொதுத்தேர்தல் முடிவு வெளியான மறுநாள் காலை, அரசு விமான ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தில் அதன் இயக்குநரின் உடல் கிடந்தது.

ஒரே இடத்தில் அல்ல.

விமான மாதிரிகளைப் புயல் வேகக் காற்றில் நிறுத்திச் சோதிக்கும் இரும்புக் குகை அது. உள்ளே ஒரு கோடியில், மாடி வீட்டு உயரத்துக்கு விசிறி. இறக்கைகளில் ரத்தம் இன்னும் காயவில்லை.

ஏட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா... நான் காலைல சாப்பிட்டுட்டு வந்திருக்கேன்."

"அப்ப வெளியவே நில்லுங்க. சாப்பிட்டது உள்ளயே இருக்கட்டும்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

துணை இயக்குநர் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். ஆய்வகத்தில் அவருக்குக் 'காத்து' என்று பெயர். சுரங்கமே கதி என்று கிடந்து தலை நரைத்தவர். இறந்தவர் அவருடைய அக்காள் கணவர்.

"நான்தான் கொன்னேன்," என்றார் காத்து.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சொல்லுங்க."

"சோதனை ஓட்டம் ஒண்ணு இருந்துச்சு. மெயின் ஸ்விட்சைப் பாத்தேன். அத்தானோட பூட்டு இல்ல. உள்ள யாரும் இல்லன்னு நினைச்சு பச்சை பட்டனை அமுக்கிட்டேன். அப்புறம்... அந்தச் சத்தம்..."

"என்ன பூட்டு?"

"சுரங்கத்துக்குள்ள போறவங்க மெயினை ஆஃப் பண்ணி, அதுல சொந்தப் பூட்டை மாட்டிட்டுப் போகணும். சாவி அவங்க பாக்கெட்ல. திரும்பி வந்து அவங்களே கழட்டுற வரைக்கும் விசிறி சுத்தாது. அத்தான் போட்ட விதி."

"போட்டவரே மறந்துட்டாரா?"

"நேத்து சாயங்காலம் புது அரசாங்கத்துலேர்ந்து ஃபோன். அறிவியல் ஆலோசகர் பதவி. அந்தச் சந்தோஷத்துல..."

ஜெயித்த கட்சியின் வாக்குறுதி ஊருக்கே தெரியும். லாபம் தராத ஆய்வகங்களை இழுத்து மூடுவது. எதையெல்லாம் மூடுவது என்று சொல்லப்போகிறவர் புது ஆலோசகர்.

"உங்க சுரங்கம் லாபம் தருதா சார்?"

"காத்தை வித்து எவனும் மாடி வீடு கட்டினதில்ல மேடம்."

"அப்ப இதுவும் காலி. உங்க அத்தான் கையாலயே."

"அவர் எதுவும் சொல்லல. கேட்டதுக்கு, பதவி ஏத்துக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னுட்டார். கடைசியா ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துடறேன்னு மட்டும் சொன்னார்."

"கோவம் வரல?"

"அக்கா புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டு எங்க போறது?"

இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

"வாங்க. அவர் நின்ன இடத்தைக் காட்டுங்க."

சுரங்கத்தின் வாசலில், சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் திறந்தபடி ஒரு பூட்டு, சாவியோடு. முதல் கொக்கி மட்டும் காலி.

காத்து இரண்டாவது கொக்கியிலிருந்து தன் பூட்டை எடுத்தார். மெயினை ஒரு பார்வை பார்த்து, அது ஆஃபில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பூட்டை மாட்டினார். சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே கால் வைத்தார்.

"இப்ப எதுக்கு சார் பூட்டு? பட்டன் பக்கத்துல யாருமே இல்லையே."

"பழக்கம். தூக்கத்துல நடந்து வந்தாக்கூட கை தானா மாட்டிடும்."

"உங்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"உங்க அத்தானைத் தவிர."



இருவரும் விசிறியை நெருங்கினார்கள். காலடியில் ரத்தம் பிசுபிசுத்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வளைந்துபோன ஒரு சின்னச் சாவி.

"உங்க அத்தான் பேண்ட் பாக்கெட்ல இருந்துச்சு. அதாவது... பேண்ட் இருந்த பாகத்துல."

"அவர் பூட்டோட சாவிதான். அதுக்கென்ன?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி நானும் ஒரு பூட்டை எடுத்து விளையாடிப் பாத்தேன். திறந்திருக்கிற வரைக்கும் சாவி வெளிய வர மாட்டேங்குது. பூட்டினாத்தான் வருது. சரிதானே?"

காத்து வாசல் பக்கம் ஓரடி பின்வாங்கினார்.

"சாவி அவர் பாக்கெட்ல இருக்குன்னா, அவர் எங்கயோ பூட்டிட்டுத்தான் வந்திருக்கார். கொக்கியும் காலி. அந்தப் பூட்டு எங்க சார்?"

வெளியிலிருந்து ஏட்டின் குரல் எதிரொலித்தது.

"அம்மா... கிடைச்சிருச்சு! தீயணைக்கிற மணல் வாளிக்குள்ள. வளையத்தை யாரோ வெட்டியிருக்காங்க!"

காத்து ஓடினார்.

வயதுக்கு மீறிய ஓட்டம். வாசலைத் தாண்டியதும் ஏட்டின் கையிலிருந்த வாளியைப் பறித்து மண்டையில் இறக்கினார். மணலும் ரத்தமுமாக ஏட்டு சரிந்தார். இரும்புக் கதவு அறைந்து மூடியது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே இன்ஸ்பெக்டர் தனியாக, விசிறிக்கு முன்னால்.

காத்து மெயினுக்கு எதிர்ச் சுவரில் இருந்த பச்சை பட்டனை அமுக்கினார்.

விசிறி அசையவில்லை.

மறுபடி அமுக்கினார். குத்தினார்.

ம்ஹூம்.

திரும்பிப் பார்த்தார். மெயினில் அவருடைய பூட்டே தொங்கிக்கொண்டிருந்தது.

பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ரத்தம் வழுக்கிய விரல்களிலிருந்து சாவி நழுவி, மணலில் புதைந்தது. குனிந்து துழாவினார்.

தரையில் கிடந்த ஏட்டின் கை அவருடைய கணுக்காலைப் பிடித்து இழுத்தது. காத்துவின் முகவாய் இரும்புப் படியில் மோதியது. இரண்டு பற்கள் தெறித்தன. ஏட்டு அவர் முதுகில் ஏறி, கையை முறுக்கினார். எலும்பு விலகும் சத்தம் கேட்கும்வரை விடவில்லை.

பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"லேட்டாயிடுச்சு அம்மா. மன்னிக்கணும்."

"தலையைக் கட்டுங்க முதல்ல," என்றாள் இன்ஸ்பெக்டர்.

விலங்கு மாட்டிய காத்து, ரத்தத்தைத் துப்பிக்கொண்டு பேசினார்.

"அவன் பெரிய பதவிக்குப் போக, என் சுரங்கத்தைக் காவு குடுக்கப் பாத்தான்."

"அப்படின்னு அவர் சொன்னாரா?"

"கடைசியா ஒரு தடவை பாத்துடறேன்னா வேற என்ன அர்த்தம்?"

"நீங்க உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் காலைலயே கேட்டேன்."

காத்து நிமிர்ந்தார்.

"பதவி வேணும்னா இந்தச் சுரங்கத்தை மூடக்கூடாதுன்னு, ஃபோன்லயே நிபந்தனை போட்டிருக்கார் உங்க அத்தான். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. விசிறி இறக்கையில விரிசல் இருக்காமே? புதுசு கேக்கணும், அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடறேன்னுதான் உள்ள போனார். பதவி ஏத்ததும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தாராம்."

காத்துவின் வாய் திறந்தபடி நின்றது.

"அக்கா..." என்றார். "அக்கா என்ன சொன்னா?"

"தம்பி மனசொடிஞ்சு போயிருப்பான், அவனைப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னாங்க."

காத்து அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. நீதிமன்றத்திலும்தான்.

புதிய அமைச்சரவை தன் முதல் கூட்டத்திலேயே காற்றுச் சுரங்கத்தை மூடியது. வேண்டாம் என்று சொல்ல ஆலோசகர் இல்லை. விசிறி எடைக்குப் போனது.

அதைப் பிரித்து ஏற்றும்போது, தலையில் கட்டோடு காவலுக்கு நின்றவர் ஏட்டு.

"எல்லாம் முடிஞ்சுதா?" என்று ஃபோனில் கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"முடிஞ்சுது அம்மா. கரன்ட்டையே புடுங்கியாச்சுன்னு எவ்வளவோ சொன்னேன். பழைய இரும்புக்காரர் கேக்கல. தன் கடைப் பூட்டைக் கொண்டுவந்து மெயின்ல மாட்டிட்டுத்தான் உள்ள போனார்!"